தொழில் தெரிந்தவர்களுக்கே தொழிற்பயிற்சி

2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இரண்டு பேர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு வரவழைக்கப்பட்டார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். இருவருமே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயல், ரக்கூன் என்று சிறு பிராணிகளையெல்லாம் காலி செய்துகொண்டிருந்தன. பரிசு அறிவித்து வேட்டைப் போட்டி வைத்துப் பார்த்தார்கள், மோப்ப நாய்களை விட்டுப் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இந்த இருவரும் போய் இரண்டே வாரங்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று பாழடைந்த ஏவுகணைத் தளத்துக்குள் பதுங்கியிருந்த 16 அடி நீளப் பெண் பாம்பு. மொழி தெரியாத ஊர், பழகாத நிலம். கையில் இருந்ததெல்லாம் தரையைப் படிக்கிற கண். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதே சமூகத்து இளைஞர் ஒருவர் நம் ஊரில் திறன் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தால் என்ன கிடைக்கும்? தையல், அழகுக்கலை, செல்போன் பழுதுபார்ப்பு, கணினியில் தட்டச்சு. மூன்று மாதம் வகுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ், ஒரு குழுப் புகைப்படம். தையலிலோ கணினியிலோ தப்பு ஒன்றும் இல்லை, விரும்புகிறவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் பழங்குடி மக்களுக்கான திட்டங்கள் பலவும் ஒரு அனுமானத்தில் தொடங்குகின்றன: இவர்களிடம் திறன் இல்லை, அதனால்தான் ஏழைகளாக இருக்கிறார்கள், திறனைக் கொடுத்துவிட்டால் மீதி தானாக நடந்துவிடும். இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

தமிழ்நாட்டில் 36 பழங்குடிச் சமூகங்கள் பட்டியலில் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் மொத்தம் 7.95 லட்சம் பேர், மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம். மலையாளிகளுக்கு அடுத்தபடியாக எண்ணிக்கையில் பெரியவர்கள் இருளர்கள், சுமார் 1.9 லட்சம். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு சேர்த்து 'குறிப்பாக நலிவடைந்த பழங்குடிகள்' என்ற வகையிலும் இருக்கிறார்கள். நீலகிரி, கோவை மலைப்பக்கம் வாழ்கிற இருளர்கள் ஒரு கூட்டம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று வட மாவட்டச் சமவெளியில் வாழ்கிறவர்கள் இன்னொரு கூட்டம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தைப் பற்றியது. இவர்களுக்குக் காடு என்று தனியாக ஒன்று இல்லை. ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, வயல்வெளி, முட்புதர் இவைதான் இவர்களின் காடு. நிலம் பெரும்பாலும் கிடையாது. எலி வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுப்பது, ஏரியில் மீனும் நண்டும் பிடிப்பது, மூலிகை பறிப்பது, தோப்புக்குக் காவல் இருப்பது, இத்தோடு பாம்பு பிடிப்பது. எல்லாம் கலந்த பிழைப்பு.

பாம்பு பிடிப்பதற்கு ஒரு சந்தையும் இருந்தது. தோல் சந்தை. கைப்பை, செருப்பு, இடுப்புவார் என்று வெளிநாட்டுக்குப் போன பாம்புத்தோலுக்காகச் சமவெளி இருளர்கள் பல பத்தாண்டுகள் பாம்பு பிடித்தார்கள். இடைத்தரகர் ஒரு தோலுக்குச் சில ரூபாய் கொடுப்பார், ஏற்றுமதியாளர் எவ்வளவுக்கு விற்றார் என்பது இவர்கள் காதுக்கு வராது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்புகளுக்கு நல்ல செய்தி. அந்தத் தடை நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றமானபோது, அதைச் செய்துவந்தவர்கள் நாளைக்கு என்ன சாப்பிடுவார்கள் என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. பலர் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் போனார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய், அந்தக் கடன் அடையவே அடையாமல் கொத்தடிமையாகச் சிக்கிக்கொள்வது அங்கேதான் நடக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976இல்தான் வந்தது என்பதை இங்கே ஒரு ஓரமாகக் குறித்துவைக்கலாம்.

1978இல் ரோமுலஸ் விட்டேகர் என்ற ஊர்வன ஆய்வாளரின் முயற்சியில் இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. சென்னை பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் தொடங்கியவர் அவர். யோசனை எளிமையானது. தோலுக்குப் பாம்பைக் கொல்ல வேண்டும், விஷத்துக்குக் கொல்ல வேண்டாம். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் தேவை, அதைப் பிடித்துக் கொடுக்க இருளர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? 1980களின் தொடக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்துக்குள் விஷம் எடுக்கும் வேலை ஆரம்பமானது.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அனுமதி உள்ள உறுப்பினர் ஒரு கடப்பாரையையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். பெண் உறுப்பினர்களும் உண்டு, பல நேரம் கணவனும் மனைவியுமாகப் போவார்கள். வரப்போரத்து வளை வாயில் மண் எப்படி வழுவழுப்பாகியிருக்கிறது, எச்சம் புதிதா பழையதா, உரித்த சட்டையில் செதில் வரிசை எப்படி இருக்கிறது, இதையெல்லாம் பார்த்து உள்ளே இருப்பது எலியா பாம்பா, பாம்பு என்றால் எந்தப் பாம்பு என்று தோண்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். சங்கம் வாங்குவது நான்கே வகை: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த நான்கும்தான். கொண்டுவந்த பாம்பை எடைபோட்டு, அளந்து, பதிவேட்டில் எழுதி, வாயில் துணி கட்டிய மண்பானைக்குள் விடுவார்கள். பிடித்தவருக்கு வகைக்கு ஒரு விலை. வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். கண்ணாடிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டிய சவ்வைப் பாம்பு கடிக்கும், விஷம் துளித்துளியாக இறங்கும். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டுக்குறி போட்டு, காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மறுபடி அதே பாம்பு யார் கையிலாவது சிக்கினால் குறி காட்டிக்கொடுத்துவிடும்.

எடுத்த விஷத்தை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். சில துளி திரவம் காய்ந்தால் மில்லிகிராம் கணக்கில்தான் மிஞ்சும். அது மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறுசிறு அளவில் செலுத்தி, குதிரை ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நமக்குப் போடுகிற ஊசி அதுதான். நாட்டில் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் மிகப் பெரும்பங்கு பல ஆண்டுகளாக இந்த ஒரே சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது, ஆண்டுக்குச் சராசரியாக 58,000. இன்னும் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதற்குப் பின்னால் அந்தப் பானைகள் இருக்கின்றன.

சரி, இதில் 'திறன் பயிற்சி' எங்கே வருகிறது? விஷம் எடுக்கும் முறை, பதிவேடு, எடைபோடுவது, செதிலில் குறிபோடுவது, இவ்வளவுதான் புதிதாகக் கற்றுக்கொண்டவை. இருந்த அறிவின் மேல் போட்ட மெல்லிய பூச்சு. 1976இலும் 1982இலும் வளையைப் பார்த்த கண் ஒன்றுதான். நடுவில் மாறியவை வேறு. முதலாவது, சட்டத்தின் அனுமதி. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் சேகரிக்க அனுமதி தரலாம் என்று வனவிலங்குச் சட்டத்தின் 12ஆவது பிரிவே சொல்கிறது. அது இல்லாவிட்டால் பையில் பாம்போடு நடக்கிற இருளர் வனத்துறை கண்ணில் ஒரு வேட்டைக்காரர், அவ்வளவுதான். இரண்டாவது, நிலையாக வாங்குகிற ஆள். மூன்றாவது, பாம்பாக விற்காமல் உலர்ந்த விஷமாக விற்கிற வசதி, அதாவது விலை ஏறுகிற அந்தக் கடைசிக் கட்டம் தங்கள் வளாகத்துக்குள்ளேயே நடப்பது. நான்காவது, சங்கம் என்கிற அமைப்பு. தோல் காலத்தில் தரகர் நின்ற இடத்தில் இப்போது உறுப்பினர்களின் சங்கம் நிற்கிறது. இந்த நான்கில் எதுவும் மூன்று மாத வகுப்பில் கிடைக்காது.

இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தயக்கம். உறுப்பினர்கள் ஏறத்தாழ 350 பேர், சமூகத்தின் எண்ணிக்கை 1.9 லட்சம். 40 ஆண்டுகளுக்கு மேலாக உலகமே எழுதிப் பாராட்டிய ஒரு முயற்சி, இரண்டாவது சங்கமாகக்கூடப் பெருகவில்லை. எத்தனை பாம்பு பிடிக்கலாம், எந்த வகையில் எத்தனை என்பதை ஆண்டுதோறும் வனத்துறை முடிவு செய்கிறது. அனுமதி தாமதமானால் அந்தப் பருவமே போய்விடும். வாங்குகிற நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அவர்கள் ஒரு வருடம் குறைவாக வாங்கினால் பொடி கண்ணாடிப் புட்டியிலேயே கிடக்கும்.

விஞ்ஞானப் பக்கமிருந்தும் ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. ஒரே வகைப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுபடும். தமிழ்நாட்டு விஷத்தை வைத்துத் தயாரித்த மருந்து ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ கடித்த பாம்புக்கு அதே அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொரு பக்கம் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், காட்டிலிருந்து பிடித்து விஷம் எடுத்துத் திரும்ப விடுகிற முறையை ஏற்பதில்லை, பண்ணையில் வளர்த்துக் கண்காணிக்கப்படும் பாம்புகளிடமிருந்தே எடுக்கச் சொல்கிறது. மருத்துவரீதியாக இரண்டும் நியாயமான வாதங்கள். ஆனால் இரண்டும் நடைமுறைக்கு வந்தால் பாம்பு பிடிக்கிற வேலை சுருங்கி, பாம்பு வளர்க்கிற வேலை பெருகும். அந்தப் பண்ணையில் உள்ளே யார் இருப்பார்கள், இருளரா, விலங்கியல் பட்டம் வாங்கியவரா? கட்டாயம் இருவரும் வேண்டும். சம்பளப் பட்டியலில் யார் எந்த வரியில் இருப்பார் என்பதுதான் விஷயம்.

பாம்பைவிட எலிதான் இருளர்களுக்கு அன்றாடம். வயலில் எலி பிடித்துக் கொடுத்தால் விவசாயி கூலி தருவார். பழைய முறையில் வளைவாயில் ஒரு மண்பானையை வைத்து, அதில் வைக்கோலைக் கொளுத்தி, பானையின் ஓட்டை வழியாக வாயால் ஊதிப் புகையை உள்ளே தள்ள வேண்டும். கையும் உதடும் வெந்துபோகும், புகை நெஞ்சுக்குள் இறங்கும். பானைக்குப் பதிலாக, கையால் சுற்றுகிற ஊதுவிசிறி வைத்த இரும்புக் கருவி ஒன்றை ஒரு தொண்டு நிறுவனம் வடிவமைத்து, 2003இல் உலக வங்கியின் மேம்பாட்டுச் சந்தைப் போட்டியில் பரிசுப் பணம் பெற்று, இருளர்களுக்குக் கொடுத்தது. கருவியைத் தயாரிக்கும் வேலையிலும் இருளர் பெண்கள் ஈடுபட்டார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் இது. யாரும் போய் 'எலி பிடிப்பது கேவலம், வேறு தொழில் கற்றுக்கொள்' என்று சொல்லவில்லை. வேலையில் எது ஆளைக் கொல்கிறதோ அதை மட்டும் மாற்றினார்கள்.

அறிவு கையில் இருந்தும் நிலத்தின் மேல் அதிகாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலிருந்து ஒரு கதை. 1987இல் அகத்தியமலைப் பக்கம் தாவர ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், கூட வந்த காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். தயங்கித் தயங்கித்தான் காணிகள் அந்தச் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்குத்தொகை, இவை இரண்டிலும் பாதி காணிகளுக்கு. 1997இல் காணிகளுக்காக ஒரு அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் செடி வளர்வது காப்புக்காட்டில். அங்கே பயிர் செய்யவும் பறிக்கவும் வனத்துறை தயக்கம் காட்டியது. மூலப்பொருள் தடைப்பட்டால் மருந்து எங்கிருந்து வரும், பங்குத்தொகை எங்கிருந்து வரும்? ஒப்பந்தம் நன்றாக எழுதப்பட்டிருந்தது. செடி நிற்கிற மண்ணின் மேல் காணிக்கு அதிகாரம் இல்லை. வன உரிமைச் சட்டம் வந்தது 2006இல்தான், அதற்குள் அந்தக் கதை ஓய்ந்துவிட்டது.

நீலகிரியில் நிலைமை கொஞ்சம் தேவலை. குறும்பர்களும் இருளர்களும் பாறையில் தொங்கி எடுக்கிற மலைத்தேன், காப்பி, மிளகு எல்லாவற்றையும் வாங்கிப் பதப்படுத்தி விற்க, கோத்தகிரியில் 'ஆதிமலை பழங்குடியினர்' என்ற உற்பத்தியாளர் நிறுவனம் 2013இல் பதிவானது. பங்குதாரர்கள் பழங்குடி மக்களே. தேனைத் தகரத்தில் ஊற்றி வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வருவதற்கும், வடிகட்டிப் புட்டியில் அடைத்துத் தங்கள் பெயரில் விற்பதற்கும் இடையே உள்ள லாபம் இப்போது மலையிலேயே தங்குகிறது. 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பூமத்திய ரேகைப் பரிசு இதற்குக் கிடைத்தது.

இதுவரை பேசியது பெரியவர்களைப் பற்றி. பிள்ளைகள் பக்கம் வந்தால் பேச்சு சிக்கலாகிவிடுகிறது, அதுவும் தமிழ்நாட்டில்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள்தான் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். 'குலக்கல்வி' என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 70 ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல் இங்கே உயிரோடு இருக்கிறது. 2023இல் ஒன்றிய அரசு 18 பாரம்பரியத் தொழில்களுக்காக 'விஸ்வகர்மா' திட்டத்தைக் கொண்டுவந்தபோது, விண்ணப்பிக்கிறவர் குடும்பத் தொழிலாகச் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொன்னது தமிழ்நாடு, குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35ஆக உயர்த்தவும் கேட்டது. நடக்காததால் 2024 நவம்பரில், இப்போதுள்ள வடிவில் செயல்படுத்த முடியாது என்று எழுதிவிட்டு, 2025இல் 25 தொழில்களுக்குக் 'கலைஞர் கைவினைத் திட்டம்' என்று தனியாகத் தொடங்கியது. 18 வயதுப் பையன் கல்லூரிக்குப் போகலாமா அப்பா தொழிலுக்குப் போகலாமா என்று நிற்கிற நேரத்தில் கடனைக் காட்டி அப்பா தொழில் பக்கம் இழுக்கக் கூடாது என்பது மாநிலத்தின் வாதம். எனக்கு அந்த வாதம் சரியாகப் படுகிறது. இருளர் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அழுத்தமாகவே சரி. வளையில் கைவிடுகிற அறிவு அபாரமானது என்று நாம் வியப்பது வேறு, அந்தப் பிள்ளையும் அதையேதான் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது வேறு. கடி வாங்குவது வியக்கிறவர்கள் இல்லையே.

ஆக, கைத்தொழில் அறிவுக்குப் பெரியவர்களுக்கு இன்றே கூலியும் மதிப்பும் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. வடநெம்மேலியில் நிலையாக வருமானம் வருகிற வீட்டுப் பிள்ளை சூளைக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து போகாது, அதனால் ஒரே பள்ளியில் தொடர்ந்து படிக்கும். சமவெளி இருளர் பிள்ளைகள் படிப்பை விடுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இந்தப் பருவகாலப் பெயர்ச்சிதான். ஆறு மாதம் சூளையில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிற பிள்ளைக்கு வகுப்பில் உட்காரவே கூச்சமாகிவிடும். 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடிகளிடையே 54 சதவீதம். அந்த இடைவெளியைத் தையல் இயந்திரம் மூடாது.

இன்னொரு காரணம் காகிதம். பழங்குடிச் சாதிச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். 1989 நவம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆனால் அப்பாவுக்கே சான்றிதழ் இல்லாத, நிலப் பத்திரம் இல்லாத, பள்ளிக்கூடப் பதிவும் இல்லாத ஒரு குடும்பம் தன்னை இருளர் என்று எதைக் காட்டி நிரூபிக்கும்? சில இடங்களில் பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்ட கதைகள் இருளர்கள் வாயால் சொல்லக் கேட்கலாம். சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகை சிக்கல், விடுதி சிக்கல், பிறகு வேலையில் இடஒதுக்கீடும் இல்லை. விழுப்புரத்திலிருந்து எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விட்டால் நிலைமை இன்னும் விசித்திரமாக இருந்தது. 2016 வரைக்கும் அங்கே பழங்குடிப் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. அந்த ஆண்டுதான் இருளர்கள் அதில் முதலாவதாகச் சேர்க்கப்பட்டார்கள். அதுவரை ஒரே உறவுக்காரக் குடும்பங்கள், இந்தப் பக்கம் பழங்குடி, அந்தப் பக்கம் யாரோ.

திட்டங்களுக்குக் குறைச்சல் இல்லை. 2018இல் 'வன் தன்' மையங்கள் வந்தன. 20 பேர் கொண்ட 15 குழுக்கள் சேர்ந்து 300 பேர் ஒரு மையம், காட்டில் சேகரித்ததை மதிப்புக் கூட்டி விற்கலாம். நல்ல யோசனை, ஆனால் காடு உள்ளவர்களுக்கு. ஏரிக்கரை இருளருக்குச் சிறு வனப்பொருளும் இல்லை, வன உரிமைப் பட்டாவும் இல்லை. 2023 நவம்பர் 15இல் நலிவடைந்த 75 பழங்குடிகளுக்காகச் சுமார் 24,000 கோடி ரூபாயில் 'பிரதமர் ஜன்மன்' தொடங்கியது. வீடு, சாலை, குடிநீர், விடுதி என்ற பட்டியலில் தொழிற்பயிற்சியும் உண்டு. முன்பே கற்றதை அங்கீகரிப்பது என்றும் ஒன்றிய அரசின் திறன் திட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. வகுப்புக்கே போகாமல், தெரிந்த வேலையைச் செய்துகாட்டிச் சான்றிதழ் வாங்கலாம். கொத்தனாருக்கும் மின்பணியாளருக்கும் பயன்படுகிற அந்த வழி, வளை பார்த்துப் பாம்பின் வகை சொல்கிறவருக்கு ஏன் பயன்படக் கூடாது?

அதற்கான வேலை இப்போது உருவாகிக்கொண்டும் இருக்கிறது. 2030க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைக்க 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. கடித்தது எந்தப் பாம்பு என்று அடையாளம் காண, வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடித்து அப்புறப்படுத்த, ஊர் ஊராகப் போய் எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல ஆட்கள் வேண்டும். தீயணைப்பு வீரர்களுக்கும் வனக் காவலர்களுக்கும் பாம்பைக் கையாளச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர் இருளராக இருந்து, தினக்கூலி வாங்காமல் ஆசிரியர் சம்பளம் வாங்கினால், திறன் சார்ந்த கல்வி என்ற பேச்சுக்கு முதல்முறையாக ஒரு பொருள் வரும்.

வட்டார விஷ வேறுபாடு பெரிதாகப் பேசப்படுவதால், விஷ சேகரிப்பு பல மாநிலங்களுக்குப் பரவ வேண்டியிருக்கும். அங்கெல்லாமும் பாம்போடு வாழ்ந்த சமூகங்கள் இருக்கின்றன. ராஜஸ்தானின் கால்பேலியாக்கள் அதே 1972 சட்டத்தால் தொழிலை இழந்தவர்கள். அவர்களுக்கு ஒரு வடநெம்மேலி அமையவில்லை. அவர்களுடைய நடனத்தை 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், பலருக்கு இப்போது சுற்றுலா விடுதிகளில் ஆடுவது பிழைப்பு. புதிய விஷ மையங்கள் வரும்போது அவர்களை நாள்கூலிக்குப் பாம்பு பிடித்துத் தருகிறவர்களாக வைத்துக்கொள்வதும், பங்கு வைத்திருக்கிற சங்க உறுப்பினர்களாகச் சேர்ப்பதும் ஒரே செலவில் நடக்கக்கூடியவைதான். எது நடக்கும் என்பது அந்தந்த மாநிலத்து வனத்துறையும் சுகாதாரத் துறையும் எழுதப்போகிற முதல் அனுமதி ஆணையில், உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்ற வரியில் தெரிந்துவிடும்.